வாசம் இல்லை, வாடை

பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பாட முடியாது. முனகத்தான் முடியும். எங்கள் ஊரில் ஏரிக்குப் போய் வந்த பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பறி என்றால் பனையோலையில் முடைந்த பை. இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டுக்கொண்டு, அதன் விளிம்பைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்போம். அகப்பட்டதை அப்படியே பறிக்குள் போட வேண்டும். கை சேற்றில், வாய் பறியில். பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துகொண்டே இருப்போம்.

எங்கள் அக்கா பாட்டுக் கட்டியது அந்த இடத்தில்தான். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்சாரம், எனக்கு ஓர்ப்படி. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே அடுப்பு நெருப்பை அவளும் நானும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போவோம்.

பறியைக் கடித்தபடி அவள் முனகிக்கொண்டே வருவாள். மெட்டு மட்டும் கேட்கும். வார்த்தை உள்ளே இருக்கும். கரையேறியதும் பறியைக் கீழே வைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஈரப் புடவையோடு உட்கார்ந்து சொல்லுவாள்: "இன்னிக்கி ஒரு வார்த்த கெடச்சிதுமே." இறால் எவ்வளவு கிடைத்தது என்று நாங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். மூன்றாவது வரைக்கும் படித்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடப் பாட்டுப் புத்தகத்தில் கற்றதுதான் அதிகம். அந்தக் காலத்தில் பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோனால், கொட்டகை வாசலில் மெல்லிய கலர்க் காகிதத்தில் படத்துப் பாட்டெல்லாம் அச்சடித்து விற்பார்கள். ரேடியோவில் கேட்டு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை அந்தக் காகிதத்தில் விரல் வைத்துத் தேடுவேன். இந்த இடத்தில் இந்தச் சத்தம், அப்படியானால் இந்த எழுத்து இதுதான் என்று கண்டுபிடிப்பேன். அப்படித்தான் எனக்குப் படிப்பு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு.

பாட்டுக்கு மேலே, சின்ன எழுத்தில், எழுதியவர் பெயர் இருக்கும். பாடியவரை ஊருக்கே தெரியும். நடித்தவரைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எழுதியவர் பெயரை நான்தான் அக்காவுக்குப் படித்துச் சொல்லுவேன். அவளுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

"யாரு எழுதனது, அத்த சொல்லு மொதல்ல."

ஒரு படத்தில் கதாநாயகன் படகில் உட்கார்ந்துகொண்டு, உன் கண் மீன் என்று பாடுவான். அதை நான் படித்ததும் அக்கா இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டே கேட்டாள்:

"எந்த மீனாம்?"

"அது போடல."

"போடலியா? மடவா கண்ணா, கெளுத்தி கண்ணானு சொல்ல வாணாமா? கெளுத்தி கண்ணுன்னா அந்தப் பொண்ணு எறங்கி நடந்தே போயிடும்."

கெளுத்திக்குக் கண் கடுகளவுதான் இருக்கும். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தோம். அந்தப் பாட்டு எழுதியவர் பெயரை அவள் மறுபடி கேட்கவே இல்லை. இன்னொருவர் இருந்தார். அவர் பாட்டில் பெரிய பேச்சே இருக்காது. வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி எழுதியிருப்பார். ஆனால் கேட்டு முடித்த பிறகும் வேலைக்கு நடுவே அந்த வரியே திரும்பத் திரும்ப வரும். அவர் பாட்டைப் படித்தால் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். "இவுரு பசிச்சவரு மே," என்பாள். "பசிச்சவருக்குத்தான் எந்த வார்த்தையும் வீணாப் போவாது." அவர் எந்த ஊர், எப்படி இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் செத்துப்போன செய்தி ரேடியோவில் வந்த அன்று அக்கா ஏரிக்கு வரவில்லை. நடிகருக்காக வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பாட்டு எழுதியவருக்காக நின்றவள் அவள் ஒருத்திதான்.

மாமா போனது ஒரு மார்கழியில். அக்கா வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். வாடைக்காற்று வடக்கிலிருந்து எடுத்தெறிகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரத்தைத் தாண்டிப் போனது படகு. திரும்பி வரும்போது அதே முகத்துவாரத்தில் அலை புரட்டிவிட்டது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரை ஏறினார்கள். மாமாவைக் காணவில்லை. ஐந்து நாள் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை. அக்கா மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை.

வீட்டில் கொடிக்கயிற்றில் அவர் முதல் நாள் கழற்றிப் போட்ட சட்டை ஒன்று இருந்தது. அதை அக்கா துவைக்கவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. எனக்குச் சுத்தம் முக்கியம். என் வாசல் எப்போதும் பளிச்சென்று இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் சட்டையை எடுத்துத் துவைக்கப் போனேன். அக்கா வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மோந்து பாரு," என்று நீட்டினாள்.

மோந்து பார்த்தேன். மடவைச் செதில், டீசல், பீடி, உப்பு, வேர்வை. மாமா வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

"இத்த தொவச்சிட்டா எனுக்கு இன்னா மே மிச்சம்?"

சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டு. பறியைக் கடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தாள். கரைக்கு வந்து எனக்குச் சொன்னாள்.

கச்சான் அடிச்சப்போ கரையேறி வந்தவனே
கொண்டல் அடிச்சப்போ கூடையோட வந்தவனே
வாடையில போனவனே, சட்டைய
வெச்சிட்டுப் போனவனே

கச்சான் மேற்கிலிருந்து வருகிற காற்று. கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. வாடையைத்தான் முன்பே சொன்னேன். பாட்டைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. நன்றாக இருக்கிறது அக்கா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "இல்ல. கடசீல ஒரு வார்த்த சரியா ஒக்காரல," என்றாள். பத்துப் பதினைந்து நாள் அதே முனகல். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வந்ததும் முனகல் நின்றுவிடும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு நாள் பாதித் தண்ணீரில் திடீரென்று எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். பறி தண்ணீரில் விழுந்து, அதுவரை பிடித்த இறாலெல்லாம் போயிற்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"கெடச்சிடுச்சிமே. வாடையில போனவனே, வாடைய வெச்சிட்டுப் போனவனே."

நான் தண்ணீரில் மண்டி போட்டபடியே இருந்தேன். என் வாயில் பறி இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. அவனைக் கொண்டுபோனதும் வாடை. அவன் விட்டுவிட்டுப் போனதும் வாடை. அந்தக் காற்றும் அந்தச் சட்டையும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருந்தன. அச்சடித்து விற்ற அத்தனை காகிதத்திலும் அப்படி ஒரு சொல்லை நான் படித்ததில்லை. பாட்டில் மெட்டு எல்லாரையும் கூப்பிடும். வார்த்தைதான் ஒருத்தரை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடும். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்தது.

பாட்டு அவளுடையது, தொண்டை என்னுடையது. அவள் குரல் கரகரவென்று இருக்கும். நான் பாடினால் ஊர் நிற்கும். சாவு வீட்டிலும், சாமி கும்பிடும் இடத்திலும் அவள் கட்டியதை நான்தான் பாடுவேன். முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது. அந்த வாடைப் பாட்டை மட்டும் ஊர் முன்னால் பாடியதில்லை, அது எங்கள் இரண்டு பேரோடு இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

வாடை என்ற சொல்லை நான் வேறு இடத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால், "வாடை அடிக்குது, பின்னால போம்மா," என்பார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். நான் குளித்து, பவுடர் போட்டு, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வெறுங்கையோடு போனாலும் என் கையை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். அந்தச் சொல் எனக்கு அப்படி ஆகிவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் இரண்டு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஏரிக்கரைப் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அக்கா அன்றைக்குத் திருப்பாலைவனத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். என்னைப் பாடச் சொன்னார்கள். பாட்டுக் கட்டினது எங்கள் அக்கா என்று முதலிலேயே சொன்னேன், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். அதில் நான் குறை வைக்கவில்லை.

பாட ஆரம்பித்தேன். கச்சான் போயிற்று, கொண்டல் போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். அவ்வளவுதான். என் நாக்கு புரண்டுவிட்டது.

வாடையில போனவனே, வாசத்த
வெச்சிட்டுப் போனவனே

என்று பாடிவிட்டேன். மெட்டு இடிக்கவில்லை. அழகாகவே உட்கார்ந்தது. அவர்கள் கண் கலங்கிக் கேட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் கைக்குட்டை வைத்திருந்த அம்மா நான்கைந்து தும்மல் தும்மினாள். "ரெண்டு நாளா ஜலதோஷம்மா, கொஞ்சம் வெந்நீ கெடைக்குமா?" என்று கேட்டாள். சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்து நல்லா இருந்ததும்மா என்றாள். அப்போதே எனக்குத் தெரியும். இன்னொரு தரம் பாடுகிறேன், ஒரு வார்த்தை மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கருவி அங்கேயே இருந்தது. ஆனால் தப்பாகப் பாடினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் என்னைத் தப்பாகப் பாடினாய் என்று சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை.

அந்தப் பாட்டு போனில் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்டார்கள். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கரில் போட்டார்கள். என் குரல் தெரு முழுக்கக் கேட்டது. எல்லாரும் வந்து என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது. அவள் கை நின்றது. பிறகு மறுபடி தடவ ஆரம்பித்தது.

பாட்டு முடிந்த பிறகு கேட்டாள், என்னைப் பார்க்காமல்:

"எம் புருஷன் இன்னா மல்லிகப் பூவாமே?"

"இல்லக்கா, வெளியாளுங்க. கேக்க நல்லா இருக்கட்டும்னு..."

"உம்," என்றாள்.

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். சண்டை இல்லை. குழம்பு வைத்தால் கொடுத்தனுப்பினாள். ஏரிக்கும் சேர்ந்தே போனோம். ஆனால் பறியைக் கடித்த பிறகு முனகல் இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். ஒரு வாரம், ஒரு மாதம் என்று போனபோது புரிந்தது. மூன்று வருஷம் அவள் ஒரு பாட்டும் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எத்தனையோ நாள் இருந்தது. அடுப்படியில், கரையில், பஸ்ஸில். நான் அதைச் சொல்லாமலே வைத்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாசம் அவளுக்குக் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மகள் வந்து கூடவே இருந்தாள். நான் காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் அவள் முனகினாள். வலியில் முனகுகிறாள் என்று மகள் பதறினாள். எனக்குத்தான் தெரிந்தது, அது அந்த மெட்டு. பறியைக் கடித்துக்கொண்டு முனகுகிற அதே முனகல். வார்த்தை வராத வாய்க்கு அது பழக்கமான வேலை. கச்சான் வரி முனகினாள். கொண்டல் வரி முனகினாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கண் மட்டும் நன்றாக இருந்தது அவளுக்கு. என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் வாய்க்கு வராத சொல்லை என் வாயால் சொல்லச் சொன்னாள்.

வீட்டில் அப்போது பார்க்க வந்த பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால், பாட்டை ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். "கஞ்சி ஆத்தி எத்துனு வரேன்க்கா," என்று எழுந்து போய்விட்டேன். அடுப்படியில் வெறுமனே கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். நாளைக்கு யாரும் இல்லாதபோது வந்து பாடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் விடிகிறபோதே மகள் ஓடி வந்து என் கதவைத் தட்டினாள்.

அன்றைக்கு ஊரே கூடியிருந்தது. ஒருத்தி மாற்றி ஒருத்தி பாடினார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் பாட்டை நான் பாட வேண்டும் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் கை வைத்துக்கொண்டு பாடினேன். இந்த முறை யார் மூக்கையும் பார்க்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"வாடையில போனவனே, வாடைய..." என்று நான் எடுக்கும்போதே, சுற்றி இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து, "வாசத்த வெச்சிட்டுப் போனவனே" என்று முடித்தார்கள். போனில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம். என் ஒரு குரல் அதில் காணாமல் போயிற்று. திரும்ப எடுத்தேன். திரும்பவும் வாசத்தை என்றுதான் முடித்தார்கள். அக்கா மகள் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே காதில் சொன்னாள்:

"சின்னம்மா, அழுவையில மறந்துட்ட. அது வாசம்."

அதற்குப் பிறகு எனக்குப் பாட வரவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து அந்தக் கல்லூரி அம்மாவுக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னேன். தங்கமான மனுஷி, பொறுமையாகக் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதானம்மா. வாசம்னு இருக்கறதுதான் இன்னும் அழகா இருக்கு," என்றாள். எனக்கு அவளிடம் விளக்கிச் சொல்ல வார்த்தை போதவில்லை. விளக்கிச் சொல்கிற வேலை வைக்காமல்தான் அக்கா அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்திருந்தாள்.

அக்கா மகளிடமாவது சொல்ல வேண்டும் என்று திருப்பாலைவனம் போனேன். சட்டையைப் பற்றிச் சொன்னேன். மடவைச் செதில், டீசல், பீடி, உப்பு, வேர்வை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாற்றியதையும், எதற்காக மாற்றினேன் என்பதையும் சொன்னேன். முதல் தடவையாக என் தப்பு என்று ஒரு ஆள் முன்னால் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்துவிட்டுப் பேசினாள்.

"எனுக்கு நைனா மொகம் ஞாபகம் இல்ல சின்னம்மா. போட்டோகூட இல்ல. நீ பாடனதக் கேட்டு, நைனா பூ மாரி வாசமா இருந்துருக்காருனு நெனச்சிக்கினேன். எம் பசங்களுக்கும் அப்படித்தான் சொல்லி வெச்சிக்கீறேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "அது அப்படியே இருக்கட்டும். வுட்டுடு."

காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டையை மோந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். அதனால் இதை எழுதுகிறேன். எழுத்து கூட்டிக் கூட்டித்தான் எழுத வருகிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. டை எனக்கு எப்போதும் சரியாக வராத எழுத்து. கொம்பை முன்னால் போட்டுவிட்டு ட எழுத மறந்துவிடுவேன். அந்த ஒரு சொல்லை மட்டும் தனித்தாளில் பல தரம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதினேன்.

முட்டி வலி இல்லாத நாளில் இன்னும் ஏரிக்குப் போகிறேன். போன வாரம் போனேன். பறியைக் கடித்தபடி அந்த மெட்டை முனகிப் பார்த்தேன். முனகலில் வாடையும் வாசமும் ஒரே மாதிரிதான் இருந்தன, வித்தியாசமே தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன்.

கொஞ்சம் தள்ளித் தடவிக்கொண்டிருந்தவள் தன் பறியை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா பெரிம்மா, காத்து மாறுதா?"

"இல்ல, நீ தடவு," என்று சொல்லிவிட்டு, பறியை மறுபடி கடித்துக்கொண்டேன்.